உகாண்டாவில் தன்னார்வலராக இருக்கும்போது பட்டமளிப்பு விழாவுக்கு அழைப்பு வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உகாண்டாவுக்குத் தன்னார்வப் பணிக்குக் கிளம்பும் தமிழர்கள் முதலில் கேட்பது மலேரியா மாத்திரையைப் பற்றி. வந்து சேர்ந்து சில மாதம் ஆன பிறகு, ஜனவரி நெருங்கும்போது, கேள்வி மாறிவிடும். கூட வேலை செய்பவர், வீட்டுக்காரரின் மகள், மாலையில் கணக்குச் சொல்லிக்கொடுத்த பையன் என்று யாராவது ஒருவர் கம்பாலாவில் உள்ள மக்கெரேரே பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கப் போகிறார், நம்மையும் கூப்பிடுகிறார். என்ன செய்வது, எப்படிப் போவது, என்ன கொடுப்பது? மசாக்கா பக்கம் ஒரு சுகாதார மையத்தில் வேலை பார்த்தபோது நான் பார்த்ததையும் கேட்டதையும் வைத்து இந்தப் பதில்களை எழுதுகிறேன். மற்ற ஊர்களில் சில வழக்கங்கள் மாறும். இங்கே சொல்வது பெரும்பாலும் கம்பாலாவும் அதைச் சுற்றியுள்ள புகாண்டா பகுதியும்.

கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் வேலை தலைக்கு மேல் இருக்கிறது. போகத்தான் வேண்டுமா?

போங்கள். மறுயோசனை வேண்டாம்.

நாம் அங்கே போவது தடுப்பூசி முகாம், பள்ளிக்கூடம், கிணறு என்று ஏதோ ஒரு வேலைக்காக. அந்த வேலையில் நாம் பார்ப்பதெல்லாம் பற்றாக்குறைதான். மருந்து இல்லை, நாற்காலி இல்லை, ஆசிரியர் வரவில்லை. அறிக்கையில் எழுதுவதும் அதையேதான். அதே ஊர்க்காரர்கள் தங்கள் கையால் கட்டி எழுப்பிய ஒன்றைப் பெருமையோடு கொண்டாடுவதைப் பார்க்கும் வாய்ப்பு அபூர்வமாகத்தான் கிடைக்கும். பட்டமளிப்பு விழா அப்படி ஒரு நாள். அன்றைக்கு யாரும் நம்மிடம் உதவி கேட்கவில்லை, விருந்தாளியாக வரச் சொல்கிறார்கள். அழைப்பை மறுத்தால் அது மனதில் நிற்கும். ஒரு நாள் அறிக்கை தாமதமாவதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

விழா எப்போது, எங்கே நடக்கும்?

மக்கெரேரேயில் சமீப ஆண்டுகளில் ஜனவரி, பிப்ரவரியில் நடக்கிறது. ஒரே நாளில் முடிவதில்லை. பல ஆயிரம் பேர் பட்டம் வாங்குவதால் நாலைந்து நாளாகப் பிரித்து, ஒவ்வொரு நாளும் சில கல்லூரிகள் என்று வைக்கிறார்கள். எனவே உங்களை அழைத்தவர் எந்தக் கல்லூரி, அது எந்த நாள் என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே விடுப்பு எழுதுங்கள்.

இடம், பிரதான கட்டடத்தின் முன்னால் உள்ள ஃப்ரீடம் ஸ்கொயர் புல்வெளி. 1941இல் கட்டிய அந்த வெள்ளைக் கட்டடம் 2020 செப்டம்பரில் தீப்பிடித்து எரிந்தது. கூரை போய்ச் சுவர் மட்டும் கறுத்து நின்ற படங்கள் உலகம் முழுக்கப் போயின. திரும்பக் கட்டி 2024இல் திறந்தார்கள். இப்போது அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதை மாணவர்கள் தனிப் பெருமையாகவே நினைக்கிறார்கள்.

எனக்கு அழைப்பு அட்டை கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பட்டம் பெறும் ஒருவருக்குப் பொதுவாக இரண்டு விருந்தினர் அட்டைதான் கிடைக்கும். அட்டை இல்லாமல் வளாகப் பந்தலுக்குள் விட மாட்டார்கள். அந்த இரண்டில் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்றால், அம்மாவோ அப்பாவோ, படிக்க வைத்த அத்தையோ வெளியே நிற்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

"வெளிநாட்டு விருந்தாளி, முன்னால் உட்காரணும்" என்று குடும்பமே சேர்ந்து முடிவு செய்திருக்கும். நேரடியாக மறுத்தால் வருத்தப்படுவார்கள். அதனால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அட்டையை அம்மாவுக்குக் கொடுங்கள். நான் வாசலில் காத்திருந்து, நீங்கள் வெளியே வரும்போது முதல் மாலையைப் போடுகிறேன். மத்தியானம் விருந்துக்கு வருகிறேன்." இதை எல்லாரும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார்கள். உள்ளே இருப்பதைவிட வெளியே நிற்பதில் ஒன்றும் குறைவில்லை. வாண்டெகேயா சந்திப்பிலிருந்து வாசல் வரை பூ விற்பவர்கள், ஜிகினா மாலை விற்பவர்கள், கையில் கேமராவோடு ஓடிவரும் படக்காரர்கள், உள்ளே போக முடியாத சித்தப்பா பெரியப்பாக்கள் என்று திருவிழாக் கூட்டம்தான். பெற்றோர் இருவரும் இல்லாதவர், அல்லது மற்ற உறவினர் வர முடியாதவர் அட்டை கொடுத்தால் அது வேறு விஷயம். தயங்காமல் வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள்.

விடுப்பு, பயணம்?

ஐ.நா. தன்னார்வலர்களுக்கு மாதத்துக்கு இரண்டரை நாள் வீதம் ஆண்டு விடுப்பு சேரும். மற்ற அமைப்புகளில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். பணியிடத்தை விட்டு இன்னொரு மாவட்டத்துக்குப் போவதற்குத் தனியாகப் பாதுகாப்பு அனுமதி கேட்கும் அமைப்புகள் உண்டு. அதைக் கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது.

விழாவுக்கு முந்தின நாளே கம்பாலா போய்விடுவது நல்லது. விழா நாட்களில் வாண்டெகேயா, போம்போ சாலை பக்கம் வண்டிகள் நகராது. போடா-போடா என்ற வாடகை பைக்கில் சந்து பொந்தாகப் போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் பல அமைப்புகள் தங்கள் தன்னார்வலர்களுக்கு அதைத் தடை செய்திருக்கின்றன. விபத்து நடந்தால் காப்பீடு கைகொடுக்காமல் போகலாம். பக்கத்திலேயே தங்கி, மலை ஏறி நடந்துபோவதுதான் நிம்மதி. தங்கும் விடுதியை ஒரு மாதம் முன்பே சொல்லி வையுங்கள்.

என்ன உடுத்துவது?

நம் ஊரில் கல்யாணத்துக்குப் போவதற்கு உடுத்துவதை உடுத்துங்கள். இங்கே விழா என்றால் உடையில் யாரும் குறை வைப்பதில்லை. கால் செருப்பும் ஜீன்ஸுமாக, "களப்பணியிலிருந்து நேராக வருகிறேன்" என்கிற தோற்றத்தில் வரும் வெளிநாட்டவரைப் பார்த்து யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள். வயலில் வேலை செய்யும் அம்மாவே அன்று பளபளக்கும் கோமெசி கட்டி வந்திருப்பார். தோள் இரண்டும் கூராக எழும்பி நிற்க, இடுப்பில் அகலப் பட்டி கட்டி, தரை வரை தொங்கும் புகாண்டாப் பெண்களின் உடை அது. ஆண்கள் வெள்ளை நிற நீள அங்கியான கான்சுவும் அதற்கு மேல் கோட்டும் போடுவார்கள்.

பெண்களுக்குப் புடவை மிகப் பொருத்தம். அதைத் தொட்டுப் பார்த்து, எப்படி மடிப்பு வைக்கிறீர்கள் என்று கேட்டு, அரை மணி நேரத்தில் அத்தனை பெண்களும் பழகிவிடுவார்கள். கோமெசி கட்டிவிட முன்வந்தால் அதற்கும் சரி என்று சொல்லுங்கள். ஆண்கள் முழுக்கைச் சட்டை, கால்சட்டை, ஷூவோடு போனால் போதும். ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு, மதிய வெயில் சுள்ளென்று அடிக்கும். குடையும் தண்ணீரும் வாசல் வரைக்கும்தான் பயன்படும். பரிசோதனையில் பல பொருட்களை உள்ளே விட மாட்டார்கள், பெரிய பை கொண்டுபோகவே வேண்டாம்.

உள்ளே என்னதான் நடக்கும்? நாலு மணி நேரம் உட்கார முடியுமா?

உட்காரத்தான் வேண்டும். காலையில் சீக்கிரமே போய் இடம் பிடிக்க வேண்டும். பட்டம் பெறுவோர் கறுப்பு அங்கியோடு கூடாரங்களுக்குள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பேராசிரியர்களின் ஊர்வலம், வேந்தர் வருகை. அப்புறம் பாட்டுகள். உகாண்டா தேசிய கீதம், கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் கீதம், பல்கலைக்கழகத்தின் பாட்டு. ஒவ்வொன்றுக்கும் எழுந்து நில்லுங்கள். உரைகள் நீளமாக இருக்கும்.

பெயர் வாசிப்பது தொடங்கியதும் எல்லாம் மாறிவிடும். நம் கல்லூரிகள் பலவற்றில் நடப்பதுபோல ஒவ்வொருவரும் மேடை ஏறிச் சான்றிதழ் வாங்குவதில்லை. இத்தனை ஆயிரம் பேருக்கு அது நடக்காது. முனைவர் பட்டம் பெறுவோர் மேடைக்குப் போவார்கள். மற்றவர்கள் பெயர் வாசிக்கும்போது இருந்த இடத்திலேயே எழுந்து நிற்பார்கள், பின் வேந்தர் அந்தக் குழுவுக்கு மொத்தமாகப் பட்டம் வழங்குவதாக அறிவிப்பார். ஒருவர் பெயருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடி. அந்த இரண்டு விநாடிக்காகத்தான் குடும்பம் முந்தின நாள் இரவு பஸ் ஏறியிருக்கும்.

எங்கள் மையத்தில் பதிவேடு எழுதிய பெண்ணின் பெயர் ஒலிபெருக்கியில் வந்தபோது, எனக்கு முன்வரிசையில் இருந்த அவருடைய அத்தை எழுந்து குலவை போட்டார். நம் தென்மாவட்டக் கோயில் கொடையில் கேட்கும் அதே குலவை. அடுத்தடுத்த கூடாரங்களிலிருந்து முன்பின் தெரியாத பெண்கள் பதில் குலவை போட்டார்கள். அடுத்த பெயர் யாருடையது என்பதே காதில் விழவில்லை. அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. மூன்று மணி நேரமாக, மருமகளின் பெயர் ஒன்றை மட்டும் காதில் வாங்கக் காத்திருந்தவர்.

பெண்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். 1922இல் 14 மாணவர்களோடு, தச்சு, கட்டட வேலை, இயந்திர வேலை சொல்லித்தரும் பள்ளியாகத் தொடங்கிய இடம் இது. அத்தனை பேரும் ஆண்கள். பெண்களை முதலில் சேர்த்தது 1945இல். 1990இல் பெண்களுக்குச் சேர்க்கையில் 1.5 புள்ளி கூடுதலாகத் தரத் தொடங்கினார்கள். இன்றைக்குப் பட்டம் பெறுவோரில் பாதிக்கும் மேல் பெண்கள். இந்த எண்கள் கூடாரத்துக்குள் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்.

அந்த மாணவருக்கு நான் கொஞ்சம் கட்டணம் கட்டியிருக்கிறேன். "ஸ்பான்சர்" என்று மேடையில் ஏற்றுகிறார்கள். என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாக் கேள்விகளிலும் எனக்கு முக்கியமானது இதுதான்.

முதலில், ஒரு பட்டத்துக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அரசுச் செலவில் படிப்போர் சிறு பங்குதான். 1992இல் மக்கெரேரே கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. அதன்பின் பெரும்பாலோர் சொந்தக் காசில்தான் படிக்கிறார்கள். அந்தச் சொந்தக் காசு ஒருவருடையதாக இருப்பதில்லை. அம்மா வாழைத்தார் விற்றிருப்பார், அண்ணன் துபாயில் காவலாளியாக இருப்பார், தாத்தா ஒரு துண்டு நிலத்தை விற்றிருப்பார், தங்கை ஒரு வருடம் படிப்பை நிறுத்தியிருப்பார். இத்தனைக்கும் நடுவில் நாம் கட்டிய ஒரு பருவக் கட்டணமும் இருக்கிறது. அது உதவிதான், இல்லை என்று சொல்ல வேண்டாம். ஆனால் நம் பணம் வங்கியிலிருந்து வந்தது, அவர்கள் பணம் வயிற்றிலிருந்து வந்தது.

விருந்தில் நம்மை முதல் வரிசையில் உட்கார வைத்து, கேக் வெட்டும்போது பக்கத்தில் நிறுத்தி, "இவர் இல்லையென்றால் இந்தப் பட்டமே இல்லை" என்று அறிவிப்பாளர் சொல்லுவார். மரியாதைக்குச் சொல்வது. அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். ஒலிவாங்கி கைக்கு வரும்போது தங்கையின் பெயரைச் சொல்லுங்கள், நிலம் விற்ற தாத்தாவின் பெயரைச் சொல்லுங்கள். முன்கூட்டியே மாணவரிடம் தனியாகக் கேட்டு, யார் யார் என்ன செய்தார்கள் என்று குறித்துக்கொண்டு போங்கள். "எனக்கு இந்த வீட்டில் சாப்பாடு போட்டார்கள், மொழி சொல்லித்தந்தார்கள், காய்ச்சலில் கிடந்தபோது பார்த்துக்கொண்டார்கள்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது உண்மையும் கூட.

கேக் வெட்டும் கத்தியை உங்கள் கையில் கொடுத்தால் அம்மாவின் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

விருந்தில் பேசச் சொல்வார்களா? புகாண்டாவின் மொழியான லுகாண்டா தெரியாதே?

கட்டாயம் பேசச் சொல்வார்கள். இரண்டு நிமிடம் போதும், ஆங்கிலத்தில் பேசினால் யாராவது மொழிபெயர்ப்பார்கள். மத்தியான வணக்கமாக "முசீப்யே முட்ய" என்று ஆரம்பித்து, ஆண்களை "ஸ்ஸெபோ", பெண்களை "ஞாபோ" என்று மரியாதையாகக் கூப்பிட்டால் பாதிக் கூட்டம் கைதட்டிவிடும். பட்டம் பெற்றவரிடம் "வெபாலே குசோமா" என்று சொல்லுங்கள். படித்ததற்கு அவருக்கு நன்றி சொல்வது இங்கே வழக்கம். இளம்பெண்கள் பெரியவர்களுக்கு மண்டியிட்டு வணக்கம் சொல்வதைப் பார்ப்பீர்கள். உங்களிடமும் யாராவது மண்டியிடலாம். பதறிப்போய்க் கையைப் பிடித்துத் தூக்க வேண்டாம், நிதானமாகப் பதில் வணக்கம் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். வாழைக்காயை வாழையிலையில் பொதிந்து வேகவைத்து மசித்த மட்டோக்கே, அதற்கு நிலக்கடலைக் குழம்பு, சோறு, பிலாவ், சப்பாத்தி, கோழி. இலையில் கட்டி ஆவியில் வேகவைக்கும் லுவோம்போ வந்தால் அதை விட்டுவிடாதீர்கள். வாட்டிய இலையைப் பிரிக்கும்போது வரும் வாசம் தமிழனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சைவம் என்றால் இரண்டு நாள் முன்பே வீட்டுப் பெண்களிடம் சொல்லிவிடுங்கள். கடலைக் குழம்பும் கீரையும் பீன்ஸும் உங்களுக்கென்று எடுத்து வைப்பார்கள்.

என்ன பரிசு கொடுப்பது? எவ்வளவு?

விருந்துக்கு முன்பே உறவினர், நண்பர்களிடம் பங்களிப்பு கேட்பது வழக்கம். அட்டை அடித்துத் தருவார்கள், அல்லது வாட்ஸ்ஆப் குழுவில் பெயரும் தொகையும் ஏறும். நம் ஊர் மொய் எழுதும் நோட்டு மாதிரிதான். பணம் பெரும்பாலும் எம்டிஎன், ஏர்டெல் மொபைல் மணியில் போகும்.

உள்ளூர் சக ஊழியர்கள் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று விசாரித்து, அதே அளவு அல்லது சற்றுக் கூடுதலாகக் கொடுங்கள். பட்டியலில் உங்கள் பெயருக்கு எதிரே மட்டும் பத்து மடங்கு இருந்தால் மாமாக்கள் கூசிப்போவார்கள். அதற்கு மேல் செய்ய விருப்பம் இருந்தால் பட்டம் பெற்றவரிடம் தனியாகப் பேசிச் செய்யுங்கள். நேரில் தருவதற்கு நல்ல பேனா, கைக்கடிகாரம், நேர்காணலுக்குப் போட ஒரு ஜோடி ஷூ, இதெல்லாம் உதவும். எடுத்த படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தால் வரவேற்பறையில் தொங்கும்.

படங்களை முகநூலில் போடலாமா?

கேட்டுவிட்டுப் போடுங்கள், அவர் போட்ட பிறகு போடுங்கள். "என் மாணவி", "நான் படிக்க வைத்த பெண்", "குடிசையிலிருந்து பட்டம் வரை" என்றெல்லாம் எழுதாதீர்கள். அவருக்கு நாளைக்கு மேலதிகாரி இருப்பார், மாமியார் இருப்பார், அவர்கள் எல்லாரும் அதைப் படிப்பார்கள். உங்கள் அமைப்பு நிதி திரட்டும் பிரசுரத்துக்குப் படம் கேட்டால், அது உங்கள் படம் அல்ல என்று சொல்லி, அவரையே கேட்கச் சொல்லுங்கள். பெயர், படிப்பு, கல்லூரி மூன்றையும் சரியாக எழுதி "வாழ்த்துகள்" என்று போட்டால் நிறைவாக இருக்கும்.

இந்தியர் என்பதால் வேறு மாதிரி நடத்துவார்களா?

"எந்தக் கடை உங்களுடையது?" என்று கேட்பார்கள். உகாண்டாவில் இந்தியர் என்றால் கடை, தொழிற்சாலை, சர்க்கரை ஆலை என்றே பழக்கம். 1972இல் இடி அமீன் 90 நாள் கெடு வைத்து ஆசியர்களை வெளியேற்றியதும், பின்னாளில் பலர் திரும்பி வந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. வயதானவர்கள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வாதாடாமல் கேளுங்கள். ஒரே குடும்பத்தில் ஒருவர் பழைய முதலாளியை அன்போடு நினைப்பார், இன்னொருவர் கூலி கொடுக்காத முதலாளியைப் பற்றிச் சொல்வார். முதலாளியாக அல்லாமல் விருந்தாளியாக ஓர் இந்தியர் வீட்டுக்குள் வந்து தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது சில வீடுகளில் முதல் தடவையாக இருக்கும்.

விருந்து ஏற்பாடாகிவிட்டது, ஆனால் பட்டம் பெறுவோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்கிறார்கள். எப்படி நடந்துகொள்வது?

இது நடக்கிறது. ஏதோ ஒரு தாளின் மதிப்பெண் பதிவாகவில்லை, கட்டணத்தில் பாக்கி இருக்கிறது என்று கடைசி நேரத்தில் பெயர் விடுபடும். குடும்பத்துக்கு முன்னால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். வீட்டில் எவ்வளவு சொல்லியிருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. தனியாகச் சந்தித்து, துறை அலுவலகத்துக்குக் கூட வர வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள். விருந்து ரத்தானாலும் அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.

ஊரில் என்னுடைய பட்டமளிப்பு விழாவே நடக்கிறது. அதற்கு வர வேண்டுமா?

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் விண்ணப்பிக்கும்போதே நேரில் வராமல் பட்டம் பெறும் பிரிவைத் தேர்ந்தெடுக்கலாம். இணைப்புக் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லூரியில் நடக்கும் பட்டமளிப்பு நாள்தான். பல்கலைக்கழக மேடைக்குப் போவது தர வரிசையில் வந்தவர்களும் முனைவர்களும். வேலைக்கும் மேற்படிப்புக்கும் தற்காலிகச் சான்றிதழ் அனேகமாகப் போதும். ஆனால் அம்மா அப்பாவிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். உகாண்டாவில் ஓர் அத்தையின் குலவையைக் கேட்ட பிறகு, "சும்மா ஒரு சம்பிரதாயம்தானே" என்று அவர்களிடம் சொல்ல வாய் வராது.

போகவே முடியாத நிலைமை. வேறு வழி?

விழாவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் நேரலையாகக் காட்டுகிறது. உங்கள் பணியிடத்தில் பெரிய திரையோ மடிக்கணினியோ இருந்தால், கம்பாலா போக முடியாத சக ஊழியர்களையும் கூட்டி உட்கார்ந்து பாருங்கள். பெயர் வரும் நேரத்தைத் திரையிலிருந்து படம் பிடித்து அனுப்பினால், கூடாரத்தில் இருந்த அவருக்கே கிடைக்காத படம் அது.

விழா முடிந்த மறுவாரம் வேலை வாங்கித் தரச் சொல்கிறார்கள். என்ன சொல்வது?

முடியாததற்கு வாக்குக் கொடுக்காதீர்கள். முடிந்ததை உடனே செய்யுங்கள். பரிந்துரைக் கடிதத்தை நீங்கள் நாட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, அமைப்பின் கடிதத் தாளில், அவர் என்ன வேலை செய்தார், எதில் கெட்டிக்காரர் என்பதை விவரமாக எழுதிக் கொடுங்கள். உள்ளூர் மேலாளரின் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். தொடர்புக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலைப் போடுங்கள். ஒப்பந்தம் முடிந்ததும் அமைப்பு கொடுத்த மின்னஞ்சல் அணைந்துவிடும், ஆறு மாதம் கழித்து ஒரு நிறுவனம் அவரைப் பற்றி விசாரித்து எழுதும்போது பதில் சொல்ல ஆள் இருக்காது.